சிப்பிட் மேப்பிங்: முன்னுரிமைக் கட்டத்தில் என்ன எண் போடுவது?

ஐபிஎம்மின் இசட்10 மெயின்ஃப்ரேம் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்த காலம். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரின் டேட்டா சென்டரில் நெட்வொர்க் கார்டு ஒன்றை மாற்ற ஹார்ட்வேர் இன்ஜினியர் வந்திருந்தார். நான் சென்னையில் நைட் ஷிஃப்ட். கார்டை ஆஃப்லைன் செய்யச் சொன்னார், செய்தோம். உடனே ஆபரேட்டரின் கன்சோல் திரை உறைந்துவிட்டது. சரி, இதற்குத்தானே இரண்டாவது கன்சோல் வைத்திருக்கிறோம் என்று அதைப் பார்த்தால் அதுவும் அப்படியே நிற்கிறது. சிஸ்டம் என்னவோ நன்றாகத்தான் ஓடியது. அதனிடம் பேசத்தான் வழியில்லை. கடைசியில் எச்எம்சியில் (மெஷினை வெளியிலிருந்து நிர்வகிக்கும் கணினி) இருக்கும் ஆபரேட்டிங் சிஸ்டம் மெசேஜஸ் ஜன்னல் வழியாக ஒவ்வொரு கட்டளையாகத் தட்டி அந்த ஒரு மணி நேரத்தை ஓட்டினோம்.

காரணம் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. இரண்டு கன்சோல்களுக்கும் தனித்தனி சிப்பிட், அதாவது சிஸ்டம் வெளியே பேசும் சேனலுக்கான எண், கொடுத்திருந்தோம். ஆனால் இரண்டும் ஒரே கார்டில் போய் உட்கார்ந்திருந்தன. அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீருக்கு இரண்டு மோட்டார் போட்டுவிட்டு, இரண்டையும் ஒரே ஃபேஸில் இணைத்த கதை. எந்த சிப்பிட் எந்தக் கார்டில் என்று முடிவு செய்யும் மேப்பிங் டூலை ஓட்டியபோது முன்னுரிமைக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தோம். டூல் தனக்குத் தெரிந்ததைச் செய்தது. தவறு எங்களுடையது.

அன்றிலிருந்து புது மெஷின் வரும்போதெல்லாம் அந்தக் கட்டத்தின் முன்னால் கொஞ்சம் கூடுதல் நேரம் உட்காருவேன். அங்கே என்ன போடலாம் என்பதற்கு நடைமுறையில் நான்கு வழிகள் உண்டு. எதுவுமே போடாமல் டூலிடம் விட்டுவிடலாம். தேவைப்படுகிறவற்றை மட்டும் சின்னச் சின்னக் குழுக்களாகச் சேர்க்கலாம். எல்லாவற்றையும் தரவரிசைப்படுத்தலாம். அல்லது டூலே வேண்டாம் என்று கையால் மேப் செய்யலாம். இதில் எதை எடுப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் டூலுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று பார்த்துவிடுவோம்.

பழைய எஸ்/390 நாட்களில் சிப்பிட் எண்ணைச் சொன்னால் அது எந்த ஸ்லாட் என்று சொல்லிவிடலாம். 2003-இல் வந்த இசட்990 அதை மாற்றியது. ஒரே பெட்டிக்குள் நான்கு லாஜிக்கல் சேனல் சப்சிஸ்டம் (தனித்தனி சேனல் தொகுப்பு), ஒவ்வொன்றிலும் 256 சிப்பிட் வரை. ஒரே எண் நான்கிலும் வரலாம், அதனால் சிப்பிட் என்பது வெறும் பெயராகிவிட்டது. உண்மையான போர்ட்டுக்கு பி-சிட் என்று தனி எண் வந்தது. இந்தப் பெயருக்கு இந்தப் போர்ட் என்று கட்டி வைக்க ஐபிஎம் கொடுப்பதுதான் சிப்பிட் மேப்பிங் டூல்.

டூலுக்கு இரண்டு கோப்புகள் போகின்றன. ஒன்று சிஎஃப் ரிப்போர்ட். எந்த ட்ராயரில் (கார்டுகளைச் செருகும் அடுக்கு) எந்த ஸ்லாட்டில் என்ன கார்டு என்ற பட்டியல் அது. மற்றது, மெஷினின் இணைப்புகளை வரையறுக்கும் எச்சிடி என்ற மென்பொருளிலிருந்து எடுக்கும் ஐஓசிபி கோப்பு. எந்த கண்ட்ரோல் யூனிட்டுக்கு (டிஸ்க், டேப் போன்ற சாதனங்களை நடத்தும் அலகு) எந்தெந்த சிப்பிட் வழியாகப் பாதை என்பது அதில் இருக்கும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு, ஒரு கண்ட்ரோல் யூனிட்டின் பாதைகள் ஒரே கார்டிலோ ஒரே டொமைனிலோ (ஒரே இணைப்பைப் பகிரும் ஸ்லாட்டுகளின் குழு) குவியாமல் டூல் பரப்பி வைக்கப் பார்க்கிறது. முன்னுரிமை எண் கொடுத்தால் சின்ன எண்ணை முதலில் எடுக்கும். ஒரே எண் கொண்ட கண்ட்ரோல் யூனிட்டுகளை ஒரு குடும்பமாகப் பாவித்து அவற்றின் சிப்பிட்களைச் சேர்த்தே பரப்பும்.

இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். முன்னுரிமை என்ற பெயரைப் பார்த்ததும் எது முக்கியம், எது வேகமாக ஓட வேண்டும் என்று யோசிக்கத் தொடங்குகிறோம். வேகத்துக்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. மெஷின் ஓடத் தொடங்கிய பிறகு இந்த எண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ‘இவை இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று, சேர்ந்து விழக் கூடாது’ என்று டூலுக்குச் சொல்லவே எனக்கு இந்த எண் தேவைப்படுகிறது. வரிசை அதற்கு அப்புறம்தான்.

இனி ஒவ்வொரு வழியாகப் பார்ப்போம். காலியாக விடுவதைப் பலர் சோம்பேறித்தனம் என்பார்கள். முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. டிஸ்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டிவைஸுக்கு அதிகபட்சம் எட்டுப் பாதை. டிஎஸ்8000 போன்ற ஸ்டோரேஜ் பெட்டியின் ஒரு கண்ட்ரோல் யூனிட்டுக்கு எட்டு சிப்பிட்களையும் ஐஓசிபியில் சேர்த்தே எழுதியிருக்கிறோம். இவை எட்டும் ஒரே வீட்டுக்குப் போகும் எட்டு வழிகள் என்பது டூலுக்கு நாம் சொல்லாமலே தெரியும். அதுவே எட்டு கார்டுகளில் பிரித்துப் போட்டுவிடும். டேப்பும் அப்படித்தான். இந்த இரண்டு மட்டும் உள்ள மெஷின் என்றால் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

ஒற்றைப் பாதை ஆசாமிகளிடம்தான் சிக்கல். கன்சோலுக்கான ஓஎஸ்சி சிப்பிட் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி கண்ட்ரோல் யூனிட். நெட்வொர்க்குக்கான ஓஎஸ்டியும் அப்படி. லினக்ஸ் டிஸ்க்குக்குப் போகும் எஃப்சிபி சிப்பிட்களும் அப்படி. முதன்மை கன்சோலும் மாற்றுக் கன்சோலும் ஜோடி என்று நமக்குத் தெரியும், ஆபரேட்டருக்குத் தெரியும். ஐஓசிபி கோப்பில் அப்படி ஒரு வரி இல்லை. டிசிபிஐபி அமைப்பில் இரண்டு ஓஎஸ்டிகளை ஒன்று போனால் மற்றது எடுத்துக்கொள்ளும்படி எழுதியிருப்போம். லினக்ஸில் மல்டிபாத் போட்டிருப்போம். அதெல்லாம் டூலின் கண்ணுக்குப் படாது. அதற்கு அவை ஒன்றையொன்று அறியாத இரண்டு பேர். ரயிலில் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் தனித்தனியாக டிக்கெட் எடுத்தால் வேறு வேறு பெட்டியில் பெர்த் விழுவது போல என்று ஒரு ஜூனியர் சொன்னார். நேர் எதிர் என்றேன். இங்கே நமக்கு வேறு வேறு பெட்டிதான் வேண்டும். பிரச்சினை என்னவோ அதேதான், உறவு டிக்கெட்டில் எழுதவில்லை.

கார்டுகள் மாறியதால் இந்த ஆபத்து கொஞ்சம் குறைந்திருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் கன்சோல்கள் விழுந்த அந்த ஓசா எக்ஸ்பிரஸ்3 1000பேஸ்-டி நெட்வொர்க் கார்டில் இரண்டு பி-சிட்கள் இருந்தன. அதற்குப் பின் வந்த 4எஸ், 5எஸ், 6எஸ் வரிசையில் கார்டுக்கு ஒரே பி-சிட். எனவே இரண்டு ஓஎஸ்சி ஒரே கார்டில் விழ வழியே இல்லை. ஒரே ட்ராயரில், ஒரே டொமைனில் விழுவதற்கு இன்னும் வழி இருக்கிறது. டிஸ்க், டேப் பக்கம் போகும் ஃபைகான் கார்டுகளில் பழைய கதையே தொடர்கிறது. கார்டுக்கு இரண்டு போர்ட்டாவது இருக்கும், ஆகவே சிடிசி (சிஸ்டமும் சிஸ்டமும் பேசிக்கொள்ளும் சேனல்) ஜோடியோ எஃப்சிபி ஜோடியோ ஒரே கார்டில் மாட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது வழிதான் நான் செய்வது. ஐஓசிபியை எடுத்து வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: எந்த இரண்டு சேர்ந்து போனால் போன் வரும்? அந்த ஜோடிகளுக்கு மட்டும் ஒரே எண்.

ஓர் உதாரண மெஷினை வைத்துக்கொள்வோம். கன்சோலுக்கு இரண்டு ஓஎஸ்சி. நெட்வொர்க்குக்கு நான்கு ஓஎஸ்டி, அதில் இரண்டு ப்ரொடக்‌ஷனுக்கு, இரண்டு டெஸ்ட்டுக்கு. சிஸ்பிளெக்ஸ் (சேர்ந்து இயங்கும் சிஸ்டங்களின் கூட்டம்) சிக்னலுக்கு இரண்டு சிடிசி சிப்பிட். லினக்ஸுக்கு நான்கு எஃப்சிபி, ஃபேப்ரிக் (ஸ்டோரேஜ் நெட்வொர்க்) ஏ-வில் இரண்டு, பி-யில் இரண்டு. டிஸ்க்குக்கு எட்டெட்டாக இரண்டு தொகுதி. டேப்புக்கு நான்கு.

இதில் ஓஎஸ்சி இரண்டுக்கும் 10 கொடுப்பேன். ப்ரொடக்‌ஷன் ஓஎஸ்டி ஜோடிக்கு 20, டெஸ்ட் ஜோடிக்கு 25. சிடிசிக்கு 30. எஃப்சிபி நான்குக்கும் 40. டிஸ்க், டேப் எதையும் தொடவே மாட்டேன். எண்களுக்கு நடுவே இடைவெளி விடுவது பிற்பாடு ஏதாவது நுழைக்க வேண்டியிருந்தால் உதவும், அவ்வளவுதான்.

நான்கு ஓஎஸ்டிகளுக்கும் ஒரே எண்ணாக 20 போட்டால் என்ன என்று கேட்கலாம். போடலாம், ஆனால் அப்போது டூல் நான்கையும் மொத்தமாகப் பரப்பும். இரண்டு ட்ராயர் இருந்தால் ட்ராயருக்கு இரண்டு. டூலின் கணக்குப்படி அது அருமையான விடை. ஆனால் முதல் ட்ராயரில் விழுந்த இரண்டும் ப்ரொடக்‌ஷன் ஜோடியாக இருந்துவிட்டால்? குழு பெரிதாகப் பெரிதாக, அதற்குள்ளே யாருக்கு யார் மாற்று என்ற விவரம் கரைந்துபோகும். எஃப்சிபியிலும் இதே கவலை உண்டு. நான்கும் ஒரே லினக்ஸ் எல்பாருக்கு, அதாவது மெஷினுக்குள் தனி மெஷின் போல ஓடும் ஒரே பிரிவுக்கு, போகின்றன, நான்கில் எது இருந்தாலும் வேலை ஓடும் என்பதால்தான் அங்கே ஒரே எண் போட்டேன். இரண்டு எல்பாருக்கு இரண்டிரண்டாகப் போவதாக இருந்தால் 40, 45 என்று பிரித்திருப்பேன்.

சிடிசியில் ஆரம்பத்தில் பயமுறுத்தும் விஷயம் ஒன்று. எல்பார்களுக்கு இடையே குறுக்கும் நெடுக்குமாகப் பாதை போட்டிருந்தால் கண்ட்ரோல் யூனிட் பட்டியல் பக்கம் பக்கமாக நீளும். பயப்பட வேண்டாம். பட்டியல் எவ்வளவு நீண்டாலும் பின்னால் இருப்பது அந்த இரண்டு சிப்பிட்தான். எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு 30 போடுங்கள்.

இப்போது வரிசைக்கு வருவோம், ஏனென்றால் மூன்றாவது வழி முழுக்க அதை நம்பியே நிற்கிறது. மீட்டிங்கில் பெரிய எக்ஸெல் ஷீட் ஒன்று திறக்கும். ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் ஒரு முக்கியத்துவம், அதன்படி ஒவ்வொரு கண்ட்ரோல் யூனிட்டுக்கும் ஓர் எண். பார்க்க மிகவும் பொறுப்பான வேலை போல இருக்கும். ஒரு முறை இப்படி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். பேமென்ட் டிஸ்க் முதலா, கஸ்டமர் டேட்டாபேஸ் முதலா என்று சண்டை. இரண்டும் ஒரே ஸ்டோரேஜ் பெட்டியில், அதே எட்டு சிப்பிட் வழியாகத்தான் போகின்றன என்பதை யாரும் பார்க்கவில்லை.

இங்கேதான் இந்த வழி உடைகிறது. ஒரு ஸ்டோரேஜ் பெட்டிக்குள் பல டஜன் லாஜிக்கல் கண்ட்ரோல் யூனிட்டுகள் இருக்கும். எல்லாவற்றுக்கும் பாதை அதே எட்டு. டூல் அவற்றில் முதலாவதைத் தொட்டதும் எட்டு சிப்பிட்டுக்கும் இடம் முடிவாகிவிடும். மீதிப் பேர் பின்னாலேயே வர வேண்டியதுதான். 41-ஆவது இடத்துக்கும் 42-ஆவது இடத்துக்கும் நடந்த சண்டை எதையும் மாற்றப் போவதில்லை.

இன்னொன்று, கார்டு வகை. ஓசா சிப்பிட்டுக்கு ஓசா கார்டில்தான் இடம், ஃபைகானுக்கு ஃபைகான் கார்டில்தான். கார்டுகள் எந்த ஸ்லாட்டில் என்பது ஆர்டரின்போதே முடிவாகி சிஎஃப் ரிப்போர்ட்டில் வந்துவிடுகிறது. டூல் கார்டை நகர்த்துவதில்லை. ஆகவே நெட்வொர்க்குக்கு 1 கொடுத்து டிஸ்க்குக்கு 2 கொடுத்தால் டிஸ்க்கிடமிருந்து எதையும் பறிக்கவில்லை, மாற்றிக் கொடுத்தாலும் அதேதான். பெண்கள் வரிசையிலும் ஆண்கள் வரிசையிலும் டோக்கன் கொடுத்துவிட்டு யார் முந்தி என்று கேட்பது போல. எண்ணின் வரிசைக்கு அர்த்தம் வருவது ஒரே வகைக் கார்டுக்குள் மட்டும். ஃபைகான் கார்டுகளில் டிஸ்க், டேப், சிடிசி, எஃப்சிபி எல்லாம் ஒரே போர்ட்டுகளுக்குப் போட்டியிடுகின்றன, அங்கே வரிசை பேசும்.

அங்கே யாரை முதலில் விடுவது? பாதை குறைவாக உள்ளவரை. எட்டுப் பாதை டிஸ்க் கொஞ்சம் மோசமாக உட்கார்ந்து இரண்டு பாதை ஒரே கார்டில் மாட்டினாலும், அந்தக் கார்டு போனால் ஆறு மிச்சம். சிடிசி ஜோடி ஒரே கார்டில் மாட்டினால் மிச்சம் பூஜ்யம். எனவே இரண்டு பேர் ஜோடி முதலில் உட்காரட்டும், கூட்டுக் குடும்பம் அப்புறம் இடம் பார்த்துக்கொள்ளும். நான் டிஸ்க்குக்கு எண்ணே கொடுக்காததற்கு இதுவும் ஒரு காரணம். எண் இல்லாதவர்களை டூல் கடைசியில்தான் எடுக்கும்.

எஃப்சிபியை எண் கொடுத்து முன்னால் விடுவதில் கூடுதல் லாபம் ஒன்று உண்டு. இசட்14-உடன் வந்த ஃபைகான் எக்ஸ்பிரஸ் 16எஸ்+ கார்டில் இரண்டு போர்ட்டும் ஒரே வகையாக இருக்க வேண்டும், ஒன்று ஃபைகான் மற்றது எஃப்சிபி என்று கலக்க முடியாது. டிஸ்க் முதலில் போய் ஒவ்வொரு கார்டிலும் ஒரு போர்ட்டில் துண்டு போட்டுவிட்டால், எஃப்சிபிக்கு முழுக் கார்டு கிடைப்பது கஷ்டம். அதற்கு முந்தைய கார்டுகளில் பழகியவர்கள் இதில் ஒரு தடவையாவது இடறுகிறார்கள்.

எல்லா டிஸ்க்குக்கும் ஒரே எண், எல்லா டேப்புக்கும் ஒரே எண் என்று மொத்தமாகப் போடும் பழக்கமும் இந்த மூன்றாவது வழியின் தம்பி. வேண்டாம். தனித்தனியாக எட்டெட்டாக நன்றாகப் பரப்பத் தெரிந்த டூலிடம், எல்லாரும் ஒரே குடும்பம் என்று பொய் சொல்லிக் குழப்புவது அது.

கையால் மேப் செய்வதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சின்ன மெஷின், கேபிள் தட்டுகளில் அழகான ஒழுங்கு வேண்டும், சிப்பிட் 40 முதல் ட்ராயர், 41 இரண்டாவது ட்ராயர் என்று மனப்பாடமாகச் சொல்ல வேண்டும் என்றால் சரி. நூறு சிப்பிட்டைத் தாண்டினால் மனிதக் கண் ஏமாறும். ஆனால் பாதிக் கை, பாதி டூல் என்ற கலவை நல்லது. எப்படியும் கொஞ்சம் கைவேலை இருக்கத்தான் செய்யும். ஃபைகான் லாங்வேவா ஷார்ட்வேவா, ஓஎஸ்டிக்கு ஒரு கிகாபிட்டா பத்தா என்பதெல்லாம் ஐஓசிபியில் கிடையாது. ஹார்ட்வேர் ரெசல்யூஷன் என்ற படியில் டூல் நம்மிடம் கேட்கும். அதோடு கன்சோல் இரண்டையும் கையால் வைத்துவிட்டு, ஆட்டோமேட்டிக் ஓட்டத்தில் கையால் வைத்தவற்றைக் கலைக்காதே என்று சொல்லிவிடலாம்.

கலைப்பது என்றதும் நினைவுக்கு வருகிறது. இருக்கும் மெஷினையே அப்கிரேட் செய்யும்போது கேள்வியே வேறு. ஓட்டுவதற்கு முன் எவற்றை ரீசெட் செய்யலாம் என்று டூல் கேட்கும்: தானே போட்டவையா, கையால் போட்டவையா, ஐஓசிபியிலிருந்து வந்தவையா. மூன்றாவதையும் டிக் செய்துவிட்டால் இருக்கும் பி-சிட் எல்லாம் போய், பழைய கேபிள் அத்தனையும் இடம் மாற வேண்டியிருக்கும். பரப்பல் ஒருவேளை இன்னும் நன்றாக வரலாம். ஆனால் ஞாயிறு அதிகாலையில் ட்ராயர் பின்னால் குனிந்துகொண்டு லேபிள் ஒட்டுகிறவரின் முதுகையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பழையதை அப்படியே விட்டு, புதிதாக வந்த சிப்பிட்களுக்கு மட்டும் முன்னுரிமை போட்டு ஓட்டுவேன். பழைய ஜோடி ஏதாவது ஒரே கார்டில் இருந்தால் அதை மட்டும் பிரிப்பேன்.

எந்த வழியில் போனாலும் டூல் முடித்ததும் மோதல்களைக் காட்டும், அதாவது ஒரே குழுவின் பாதைகள் எங்கெங்கே ஒன்றுகூடிவிட்டன என்று. எல்லா மோதலும் சம எடை இல்லை. ஒரே கார்டு என்றால் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். கார்டு தானாகப் பழுதாவதைவிட, பழுதுபார்க்க அதை வெளியே எடுப்பதும் மைக்ரோகோடு ஏற்ற ஆஃப்லைன் செய்வதும் அதிகம். எங்கள் கன்சோல் கதையிலும் இரண்டாவது போர்ட் நல்லபடியாகத்தான் இருந்தது. ஒரே டொமைன் என்றால் யோசிப்பேன். இசட்13, இசட்14-இன் பெரிய மாடல்களின் ட்ராயரில் 32 ஸ்லாட், நான்கு டொமைன். இசட்15-இல் ட்ராயருக்கு 16 ஸ்லாட், இரண்டு டொமைன். ஒரு டொமைனுக்கு வரும் இணைப்பு போனால் அதன் ஜோடி டொமைன் அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. அதனால் கார்டு மோதல் அளவுக்கு அது உயிர் போகிற விஷயமில்லை. எட்டுப் பாதை டிஸ்க்குக்கு அப்படி வந்தால் கண்டுகொள்ள மாட்டேன், கன்சோலுக்கு வந்தால் திரும்ப ஓட்டுவேன்.

சிஸ்பிளெக்ஸின் சிஸ்டங்களை அவற்றுக்குப் பொதுவான கப்ளிங் ஃபெசிலிட்டியோடு இணைக்கும் கப்ளிங் லிங்க்கை இதில் சேர்க்காததைக் கவனித்திருப்பீர்கள். அதற்கான ஐசிஏ எஸ்ஆர் கார்டுகள் ஐஓ ட்ராயரில் இல்லை, ப்ராசஸர் ட்ராயரிலேயே செருகப்படுகின்றன. அவற்றுக்கு பி-சிட்டும் கிடையாது, அடாப்டர் எண்ணும் போர்ட்டும்தான். ஃபைகானோடு போட்டி என்ற பேச்சே இல்லை. ஒரே கப்ளிங் ஃபெசிலிட்டிக்குப் போகும் இரண்டு லிங்க் ஒரே கார்டில் இருக்கிறதா என்று மட்டும் கண்ணால் பார்த்துவிட்டு நகர்வேன்.

டூலின் அறிக்கையோடு நான் நிறுத்துவதில்லை. அதைக் கார்டு வாரியாக அடுக்கி, ஒவ்வொரு கார்டின் மேலும் பென்சிலை வைத்து ‘இதை உருவினால் என்ன போகும்’ என்று படித்துக்கொண்டே போவேன். பக்கத்தில் நெட்வொர்க் ஆள் ஒருவரும் லினக்ஸ் ஆள் ஒருவரும் உட்கார்ந்தால் போதும். ‘அய்யோ, அது ரெண்டும் எங்க ஜோடிங்க’ என்ற குரல் அப்போதுதான் வரும். டூலுக்கும் எனக்கும் தெரியாத உறவு அவர்களுக்குத்தான் தெரியும். ஸ்விட்ச் விஷயமும் இந்தப் படிப்பில்தான் மாட்டும். ஸ்விட்ச் ஏ-வுக்குப் போகும் நான்கு பாதையும் முதல் ட்ராயரில், பி-க்குப் போவது எல்லாம் இரண்டாவது ட்ராயரில் என்று இருந்தால், ஒரு ட்ராயர் வேலை நடக்கும் நாளில் மற்ற ஸ்விட்ச்சை யாரும் தும்மி எழுப்பக் கூடாது. ட்ராயருக்கு ஏ-வில் இரண்டு, பி-யில் இரண்டு என்று கையால் மாற்றிவிடுவேன்.

இதையெல்லாம் மெஷின் வந்து இறங்கிய பிறகு செய்யலாம் என்று வைத்திருக்காதீர்கள். ஆர்டர் உறுதியாகும் முன்பே விற்பனைப் பிரதிநிதியிடம் கேட்டால் அந்த உத்தேச அமைப்பின் சிஎஃப் ரிப்போர்ட் கிடைக்கும். எச்சிடியில் வொர்க் ஐஓடிஎஃப் (இணைப்பு விவரங்களின் வரைவுக் கோப்பு) தயாராக இருந்தால் அன்றே ஒரு தடவை டூலை ஓட்டிப் பார்த்துவிடலாம். போன முறை அப்படி ஓட்டியபோது எஃப்சிபி நான்குக்கு இரண்டே கார்டுதான் கிடைத்தது. இன்னும் இரண்டு ஃபைகான் கார்டு சேர்க்கச் சொல்லி ஒரு மின்னஞ்சல் போட்டோம், அதே வாரம் திருத்திய சிஎஃப் ரிப்போர்ட் வந்தது, எண்களை மாற்றாமல் திரும்ப ஓட்டினோம், நான்கும் நான்கு கார்டில் உட்கார்ந்தன.